தீட்டும் பாவமும் ஒன்றல்ல

தகப்பன் இறந்தால் மகன் அடக்கம் செய்தாக வேண்டும், அது கடமை. ஆனால் பண்டைய இஸ்ரயேலில் பிணத்தைத் தொட்ட அந்த மகனுக்கு 7 நாள் தீட்டு. பிள்ளை பெற்ற தாய்க்கோ ஆண் குழந்தையென்றால் 40 நாள், பெண் குழந்தையென்றால் 80 நாள். இவர்கள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. லேவியராகமத்தைப் படிக்கும் கிறிஸ்தவர்கள் பலர் இங்கேதான் தடுமாறி, தீட்டைப் பாவமென்றே எண்ணிவிடுகிறார்கள்.

பிரசவம், நோய், தாம்பத்யம், சாவு என்று வாழ்க்கை போகிற போக்கில் ஆசாரியனுக்கும் உழவனுக்கும் வந்து, குறித்த காலத்தில் நீங்கிப்போவதுதான் தீட்டு. லேவியராகமத்துக்குப் பேருரை எழுதிய யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம், இவ்விதிகளையெல்லாம் கோத்திருக்கும் சரடு சாவுதான் என்றார். வடியும் உதிரமும் அழுகும் தோலும் சாவின் சாயல். அந்தச் சாயலோடு உயிருள்ள கடவுளின் சந்நிதிக்கு வரலாகாது.

பிணத்தீட்டைக் கழிக்கும் முறை விநோதமானது. நுகம் பூட்டாத, பழுதற்ற சிவப்புக் கிடாரியைப் பாளயத்துக்கு வெளியே எரிப்பார்கள். அதன் சாம்பலை ஊற்றுநீரில் கலந்து 3ஆம் நாளும் 7ஆம் நாளும் தெளித்தால் தீட்டுள்ளவன் சுத்தமாவான். கிடாரியை எரித்தவனுக்கோ மாலைவரை தீட்டு! ரபிகளையே திகைக்கவைத்த முரண் இது.

இயேசுவின் காலத்திலும் இச்சட்டம் வீட்டுக்குவீடு உயிரோடிருந்தது. எருசலேமிலும் மசாதா கோட்டையிலும் தீட்டுக் கழிக்கப் படியிறங்கி முழுகும் தொட்டிகளைத் தொல்லியலாளர் கண்டெடுத்திருக்கிறார்கள். மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும்; கல்பாத்திரத்தைத் தீட்டு அண்டாது. இயேசு போயிருந்த கானா ஊர்க் கல்யாண வீட்டில் 6 கற்சாடிகள் இருந்தது இதனால்தான். நாசரேத்துக்குப் பக்கத்திலுள்ள ரெய்னாவில் இத்தகைய பாத்திரங்கள் குடைந்த பட்டறையே 2017இல் வெளிப்பட்டது.

இவ்வளவும் தெரிந்தால்தான் மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் பிடிபடும். 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் வாடிய பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். சட்டப்படி அவள் தீட்டு அவரிடம் ஒட்டவேண்டும். நடந்ததோ வேறு: அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டு அவள் சுகமாகிறாள். சற்று நேரத்தில் இறந்துபோன சிறுமியின் கையை அவர் பிடிக்கிறார். அவள் எழுந்து நடக்கிறாள். சாவு தொற்றவேண்டிய இடத்தில் உயிர் தொற்றுகிறது.

இதனால் அவர் மோசேயின் சட்டத்தை இகழ்ந்தார் என்று சொல்வது அநியாயம். குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய பிறகு, ஆசாரியனிடம் காட்டிக் காணிக்கை செலுத்தும்படி அவரே அனுப்பினார். அவர் பிறந்தபின் பெற்றோர் எருசலேமுக்குப் போனபோது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகளுக்கென்று சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகளைக் காணிக்கையாகக் குறிப்பிடுகிறார் லூக்கா.

எபிரெயர் நிருபம் கிடாரியின் சாம்பலையே எடுத்துக்காட்டி வாதிடுகிறது: உடலளவில் சாம்பல் செய்ததைக் கிறிஸ்துவின் இரத்தம் மனச்சாட்சியில் செய்கிறது, அதுவும் ஒரே தரம். அதுபோலவே, தீட்டுக் கழிக்கும் யூதருடைய முழுக்கு தேவை வரும்போதெல்லாம் திரும்ப நடக்கும்; கிறிஸ்தவருக்கு ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒருமுறைதான்.