தாய் பிழைத்தாள், மகள் படித்தாள்

பொதுமக்களுக்கு அறிவூட்டும் இயக்கமொன்று தொடங்கப்படும்போது அதற்கென ஒரு நோக்கம் வகுக்கப்படுகின்றது. கொதித்தாறிய நீரைப் பருகச் செய்தல், மலசலகூடம் அமைக்கச் செய்தல், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவித்தல் என்பன அத்தகைய நோக்கங்கள். அந்நோக்கம் நிறைவேறியதா என்று கணக்கெடுத்தவுடன் இயக்கத்தின் கதை முடிந்துவிட்டதெனப் பலர் எண்ணுவர். ஆயின் அதன் பயன் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. எவரும் எதிர்பாராத இடத்தில், பல ஆண்டுகள் கழித்தும் அது தோன்றக்கூடும். இதற்கு நமது நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்றொன்று உண்டு.

1930ஆம் ஆண்டையடுத்த காலத்தில், இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் பிள்ளைப்பேற்றின் காரணமாக மாண்டனர். அஃதாவது, ஏறக்குறைய 50 பேறுகளுக்கு ஒரு தாய் உயிரிழந்தாள். ஐந்து பிள்ளைகளைப் பெறவேண்டிய ஒருத்தி, பத்தில் ஒரு பங்கு மரண அபாயத்தைத் தாங்கியே இல்லறம் நடத்தினாள். தாயற்ற பிள்ளைகள் இல்லாத ஊர் அக்காலத்தில் அரிது.

இந்நிலையை மாற்றும் முயற்சியில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு ஒரு முன்னோடி எனலாம். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடமையாது, நோய் வாராது காக்கும் வழியை வீடுதேடிச் சென்று போதிப்பது அதன் பணியாயிற்று. இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. பயிற்சி பெற்ற மருத்துவமாது கர்ப்பிணிகளை அவர்தம் இல்லங்களிலேயே சந்தித்தாள். தூய்மையின் தேவையை விளக்கினாள். ஆபத்தின் அறிகுறி கண்டவிடத்து வைத்தியசாலைக்கு அனுப்பினாள்.

1946 முதல் 1953 வரையான காலத்தில் தாய்மார் மரணம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் குறைந்தது. பெனிசிலின் போன்ற புதிய மருந்துகள், இரத்தமேற்றும் வசதி, நோயாளர் வண்டிகள், மலேரியாத் தடுப்பு ஆகிய யாவும் இவ்வெற்றியிற் பங்குடையன. எனினும், கர்ப்பிணி உரிய வேளையில் வைத்தியசாலையை அடைந்தாலன்றோ அங்குள்ள மருந்து அவளுக்குப் பயன்படும்? அவளை அங்கே செல்லத் தூண்டியது அறிவூட்டலேயாகும்.

இதன் மறைமுக விளைவே நாம் இங்கு கருதவேண்டியது. சீமா ஜெயச்சந்திரன், அட்ரியானா ஜெராஸ்-முனே என்னும் பொருளியலறிஞர் இருவர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் மேற்கூறிய காலப்பகுதியை ஆராய்ந்தனர். தாய்மார் மரணம் குறைந்ததனாற் பெண்பிள்ளைகளின் எழுத்தறிவு நூற்றுக்கு 2.5 வீதமும், அவர்கள் பள்ளியிற் பயின்ற ஆண்டுகள் நூற்றுக்கு 4 வீதமும் உயர்ந்தன என்பது அவர்கள் கண்ட முடிபு.

அக்காலத்தில் இலவசக் கல்வியும் வந்துவிட்டதே, அதனால் விளைந்த உயர்வாகாதோ இது என மாணவர் வினவலாம். நல்ல வினாவே. இலவசக் கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கதவைத் திறந்தது. பிள்ளைப்பேற்று அபாயமோ பெண்களுக்கே உரியது. ஆகவே ஆய்வாளர் ஆண்பிள்ளைகளை ஒப்புநோக்குக்குக் கொண்டனர். இடத்துக்கிடம் மரணக் குறைவு வேறுபட்டதையும் கணக்கிற் சேர்த்தனர். அவ்வாறு வடிகட்டிய பின்னரும் எஞ்சி நின்ற உயர்வே மேலே கூறப்பட்டது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. மகள் நெடுங்காலம் வாழ்வாள் என்ற நம்பிக்கை உண்டாகும்போது, அவளது கல்விக்குச் செலவிடும் பொருளும் காலமும் வீண்போகா என்ற துணிவு பெற்றோர்க்குப் பிறக்கின்றது. பிரசவத்தைப்பற்றிப் போதிக்கச் சென்ற மருத்துவமாது, தன்னை அறியாமலே பாடசாலைக்கும் பிள்ளை சேர்த்தாள்!

மறைமுக விளைவுகள் யாவும் நல்லனவாகவே அமையும் என்று கொள்ளுதலும் தவறு. 1963ஆம் ஆண்டில் இலங்கையில் மலேரியா நோயாளர் 17 பேரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிற்று என்ற எண்ணமே விழிப்பைத் தளர்த்திற்று. மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் குறைந்தன. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற, நாம் 2016ஆம் ஆண்டு வரை உழைக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே. ஓர் இயக்கத்துக்குச் செலவான பணத்தை எண்ணுவது எளிது; அதன் முழுப் பலனை எண்ணுவது அரிது. சிக்கனத்தின் பெயரால் மருத்துவமாதரின் எண்ணிக்கையையோ, ஊர்தோறும் நடைபெறும் சுகாதாரப் போதனையையோ குறைக்க எண்ணுவோர், காப்பாற்றப்பட்ட தாய்மாரை மட்டும் எண்ணினாற் போதாது. அத்தாய்மாரின் பெண்மக்கள் கற்ற கல்வியையும், அக்கல்வியால் அடுத்த தலைமுறை அடைந்த ஆக்கத்தையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.