கேமராவின் கண்ணுக்கு ஒரு காப்பு

கல்யாண வீட்டில் படம் எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய கேமராவின் முன்னால் வட்டமான கண்ணாடி இருக்கும். அதன் பெயர் லென்ஸ். அதுதான் கேமராவின் கண். கண் கெட்டால் படம் கெடும். படம் கெட்டால் அவருடைய பிழைப்பு கெடும். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவருக்கு அது பெரிய அடி.

நம் நாட்டில் லென்ஸுக்கு ஆபத்து பல வகை. உத்தரப் பிரதேசத்தில் மதுரா என்ற ஊர் உள்ளது. அங்கே ஹோலிப் பண்டிகையில் வண்ணப் பொடியை அள்ளி வீசுவார்கள். ராஜஸ்தானில் உள்ள புஷ்கரில் ஒட்டகச் சந்தை கூடும். அங்கே மணல் பறக்கும். ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் உப்புநீர் தெறிக்கும். இவை எல்லாம் லென்ஸில் படியும். மணலோடு சேர்த்துத் துடைத்தால் கீறல் விழும்.

இதற்கு ஒரு வழி உண்டு. லென்ஸின் முன்னால் ஒரு தட்டைக் கண்ணாடியைத் திருகி மாட்டலாம். இதை ஃபில்டர் என்பார்கள். கீறல் விழுந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றலாம். புது லென்ஸ் வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

எதை வாங்குவது?

கடையில் 'யு.வி. ஃபில்டர்' என்று ஒன்று இருக்கும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. பிலிம் சுருள் போட்டுப் படம் எடுத்த காலத்தில், இந்தக் கதிர்களால் தூரத்து மலை மங்கலாக விழும். யு.வி. ஃபில்டர் அதைக் குறைத்தது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. ஆகவே காப்புக்கு மட்டும் என்றால், நிறமில்லாத காப்பு ஃபில்டரே போதும்.

அளவைப் படியுங்கள்

லென்ஸின் விளிம்பைப் பாருங்கள். ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். பக்கத்தில் 52, 58, 67 என்பது போல ஓர் எண் இருக்கும். அதுதான் ஃபில்டரின் அளவு. அது மில்லிமீட்டர் கணக்கு. 18-55 என்றும் எழுதியிருக்கலாம். அது வேறு கணக்கு. அதைச் சொல்லி ஃபில்டர் கேட்காதீர்கள்.

பூச்சைப் பாருங்கள்

வெறும் கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் 100-க்குச் சுமார் 8 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நல்ல ஃபில்டரில் இதைக் குறைக்கப் பூச்சு இருக்கும். டியூப் லைட்டின் கீழே ஃபில்டரைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் அது வெறும் கண்ணாடி. பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு உண்டு.

கவனம் தேவை

இரவில் சீரியல் விளக்குகளைப் படம் எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் நிழலொளி படத்தில் விழலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாட்டாதீர்கள். தூசியை முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். பிறகு மென்மையான துணியால் துடையுங்கள். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் வேண்டாம்.

கேமரா கீழே விழுந்தால் ஃபில்டர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது மெல்லிய கண்ணாடி. உடைந்த சில்லே லென்ஸைக் கீறலாம். இடி படாமல் இருக்க லென்ஸின் முன்னால் குடை மாட்டலாம். இதை ஹூட் என்பார்கள். கழுத்தில் வாரும் இருக்கட்டும்.

விலையைக் கேட்கும் முன் எண்ணைப் படியுங்கள். பிறகு விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். படித்துப் பார்த்து வாங்குகிறவர் எளிதில் ஏமாற மாட்டார்.