அழிப்பான் கதையும் துப்பறியும் தொடரும்

கழுகுமலைக்கு வந்து வெட்டுவான் கோவிலைக் காண்கிற எவரும், எட்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்தெடுத்த அந்த ஒற்றைக்கல் விமானத்தின் அழகில் சற்று நேரம் தம்மை மறந்து நின்றபின், இத்தனை நுட்பமாகத் தொடங்கிய வேலை அடிப்பகுதியில் ஏன் பூர்த்தியாகாமல் நின்றுவிட்டது என்று கேளாமல் போவதில்லை. ஊரார் அதற்குச் சொல்லும் விடை ஒரு கொலைக் கதை. மேலே சமண உருவங்களைச் செதுக்கிக்கொண்டிருந்த தகப்பன், கீழே கோவிலைக் குடைந்துகொண்டிருந்த மகனின் கைத்திறம் தன்னை மிஞ்சிவிட்டதென்று அறிந்து, பொறாமை மேலிட்டு எறிந்த உளியால் மகன் மாண்டான் என்பர். சொல்லுகிறவருக்கு ஏற்பக் கதை மாறும். உளியும் பொறாமையும் மாறுவதில்லை. இது ஐதிகமே தவிரச் சரித்திரமன்று. ஆயினும் அதைக் கேட்டுவிட்டு மலையிறங்குகிறவர் மனத்தில் ஒரு பாரம் தங்கிவிடுகிறது.

கொலையைப் பற்றிய கதையே வேறொரு விதமாகச் சொல்லப்படும்போது, நாம் பாரமின்றி, புன்னகையோடு, இன்னும் சொன்னால் பசி மறந்து உட்கார்ந்து கேட்கிறோமே, அது எப்படி? இந்தக் கேள்விக்கு எங்கள் கரிசல் பூமியின் சொல் ஒன்றிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விடுகதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அழிப்பான் கதை என்பார்கள். ஒருவர் முடிச்சைப் போடுவார். மற்றவர் அதை அழிக்க வேண்டும். போடுகிறவரைவிட அழிக்கிறவருக்கே அதில் பெருமை. தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடர்களில் இலகுவான சுபாவமுள்ளவை யாவும் இந்த அழிப்பான் கதையின் ஜாதியைச் சேர்ந்தவை. அவற்றில் மரணம் என்பது முடிச்சுப் போடுவதற்கான ஒரு வியாஜமே.

1993-ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் பியோம்கேஷ் பக்ஷி என்ற ஹிந்தித் தொடரை ஒளிபரப்பியபோது, எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சொற்பம். ஹிந்தி தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயர் 1932-இல் எழுதத் தொடங்கிய கதைகளை பாசு சாட்டர்ஜி இயக்க, ரஜித் கபூர் வேட்டி ஜிப்பாவோடு கதாநாயகனாக நடித்தார் என்பதெல்லாம் நான் பிற்காலத்தில் தெரிந்துகொண்டவை. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பதற்றமின்றி உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர், கடைசியில் எழுந்து பேசத் தொடங்கினால் அறையில் ஒருவர் முகம் வெளுத்துப் போகும் என்பதுதான். தீப்பெட்டி ஒட்டும் வேலையைக் கூடத்திலேயே பரப்பி வைத்துக்கொண்டு, பசைக் கிண்ணத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, விரல்கள் தம்பாட்டுக்கு அட்டையை மடித்துக்கொண்டிருக்க, பெண்கள் கண்ணை மாத்திரம் திரையில் வைத்திருப்பார்கள். என் சித்தி அவர்களுள் ஒருத்தி. "ஏலே, அந்தக் கெழவன் கடிகாரத்தை ரெண்டு வாட்டி காட்டிட்டான், பாத்தியா? அதுலதான் சங்கதி இருக்கு" என்பாள். பாஷை புரியாத காரணத்தாலேயே அவள் கண் கூர்மையாயிற்று என்று நான் இன்றும் நம்புகிறேன். காரணமில்லாமல் ஒரு பொருளை எவரும் இரு முறை காட்டமாட்டார்கள் என்ற சூட்சுமத்தை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அவள் தானே கண்டுகொண்ட அந்த நியாயத்தை 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார்: துப்பறிகிறவர் காணும் தடயத்தை வாசகரும் காண வேண்டும். மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் எடுத்து நீட்டுவது வித்தையாகலாம், விடுகதையாகாது. பியோம்கேஷ் தம்மைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாமல் சத்தியான்வேஷி என்று சொல்லிக்கொண்டதும் எனக்கு மிகவும் உகந்த விஷயம். சத்தியத்தைத் தேடுகிறவர், தேடும் வழியிலும் சத்தியமாக இருக்க வேண்டுமல்லவா?

தமிழில் இந்த ரஸத்துக்குப் பழக்கம் முன்பே உண்டு. தேவன் என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன் ஆனந்த விகடனில் 1942-இல் படைத்த துப்பறியும் சாம்பு, அசட்டு முகங்கொண்ட ஒரு பாங்கிக் குமாஸ்தா. புத்தியால் அல்ல, அதிர்ஷ்டத்தால் குற்றங்களின் மேல் போய் இடித்துக்கொள்கிறவர். உலகம் அவரை மகா மேதாவி என்று கொண்டாட, வாசகர் ஒருவருக்கே உண்மை தெரியும். பின்னாளில் தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி அந்த வேஷத்தைக் கட்டினார். சிரிப்பும் குற்றமும் ஒரே பாயில் உட்காரலாம் என்பதைத் தமிழருக்குக் காட்டியதில் சாம்புவுக்குப் பெரும் பங்குண்டு.

சாம்புவை அறிந்தவர் அமெரிக்காவின் கொலம்போவைக் கண்டால் உடனே உறவு கொண்டாடுவார். 1968-இல் தோன்றி 2003 வரை இடைவெளிகளோடு வந்த அந்தத் தொடரில், கசங்கிய மழைக்கோட்டோடு பீட்டர் ஃபாக் நடித்த அந்தப் போலீஸ்காரரையும் எல்லோரும் அசடர் என்றே எண்ணுவார்கள். ஆனால் இவருடைய அசட்டுத்தனம் வேஷம், உள்ளே இருப்பது அசல் புத்தி. அதைவிட விசேஷம், கொலைசெய்தவர் யாரென்பது பெரும்பாலும் முதற்காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். வெட்டுவான் கோவில் கதையைப் போலவே ஆளும் ஆயுதமும் காரணமும் வெளிச்சத்தில் இருக்க, செல்வமும் செல்வாக்கும் உள்ள ஒருவர் கட்டிய பொய்யை, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்று கேட்கும் எளிய மனிதர் இழையிழையாகப் பிரிப்பதைக் காண்பதே அங்கே சுகம். கொலம்போவைப் படைத்த லெவின்சனும் லிங்க்கும் பீட்டர் ஃபிஷரோடு சேர்ந்து 1984-இல் கொண்டுவந்த மற்றொரு தொடரின் துப்பறியும் நாயகி ஜெஸிகா ஃப்ளெச்சர் ஒரு விதவை, ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். ஏஞ்சலா லான்ஸ்பரி நடிக்க 12 ஆண்டுகளில் 264 பகுதிகள். பொய் சொல்லும் முகங்களை வகுப்பறையில் பார்த்துப் பழகியவருக்குக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது என்ன பிரமாதம்!

துயரத்தையே பொருளாகக் கொண்ட தொடர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாஞ்சில் நாட்டுப் பின்னணியில் 2022-இல் வந்த வதந்தி, கொலையுண்ட பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சே இரண்டாவது கொலை என்று காட்டி நெஞ்சைப் பிசைந்தது. அது வெட்டுவான் கோவில் கதையின் வழி. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் எப்போதும் அந்த வழியே நடக்க இயலுமா?

ஒரு வாரம் சித்தியின் ஊகம் பொய்த்துப் போயிற்று. அவள் சுட்டியவர் நிரபராதியாகவும், யாரும் ஏறெடுத்துப் பாராத ஒரு வேலைக்காரன் குற்றவாளியாகவும் முடிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவள் பதில் பேசாமல் நாலைந்து பெட்டிகளை ஒட்டி அடுக்கிவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்தவளாய்த் தலையசைத்து, "காட்டத்தான் செஞ்சான்; மொதல்லயே அவன் கையைக் காட்டத்தான் செஞ்சான். நாந்தான் பாக்கல" என்று மனநிறைவோடு சொன்னாள்.