உங்களுக்குத் தெரியுமா? ஒரே சங்கு, நாலு சுரம்!

தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த ஒரு சங்கு. விரல் வைக்கத் துளை இல்லை, கம்பி இல்லை, நாக்கு இல்லை. நுனியை அறுத்து வாயில் வைக்க வேண்டியதுதான். பழகிய ஒருவர் அதில் ஒரே மூச்சில் நாலு சுரம் எழுப்பலாம்!

எப்படி என்கிறீர்களா? ஊதிக்கொண்டே தொண்டைக்குள் பாட வேண்டும்! சங்கு 300 ஹெர்ட்ஸ், குரல் 450 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உதட்டில் கலக்கும். கூட்டினால் 750. கழித்தால் 150. அந்த இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்!

இப்போது கர்நாடக இசைக் காதால் கேளுங்கள். 150 ஷட்ஜம். 300 மேல் ஷட்ஜம். 450 பஞ்சமம். 750? அசல் அந்தர காந்தாரம்! அதை யாரும் ஊதவில்லை, யாரும் பாடவும் இல்லை. தானாகவே வந்து நிற்கிறது!

தம்பூராவிலும் இதே காந்தாரம் கேட்கும். மந்தர ஷட்ஜக் கம்பியை மீட்டிவிட்டுக் காதைத் தீட்டுங்கள். அந்தர காந்தாரம் மிதந்து வரும். இருப்பது நாலே கம்பி. காந்தாரத்துக்கென்று ஒன்றுகூடக் கிடையாது!

அந்தத் தம்பூராவையும் சர் சி.வி. ராமன் விட்டுவைக்கவில்லை. கம்பியை நட்டநடுவில் சுண்டினால் சில மேல்சுரங்கள் எழவே கூடாது என்பது இயற்பியல் விதி. தம்பூராவில் எழுகின்றன! வளைந்த குதிரையும் அதன்மேல் கிடக்கும் ஜீவா நூலும் செய்யும் வேலை. 1921-லேயே எழுதிவிட்டார்!

மிருதங்கம்? அது இன்னும் பெரிய அதிசயம். வெறும் தோலைத் தட்டினால் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். நடுவில் கறுப்புக் கரணை ஏறியதும் 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் வந்து நிற்கும். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடக்கம்! ராமன் இதை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது 1920-ல். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்பே!

ஊதிக்கொண்டே பாடும் வித்தையை ஜெர்மன் இசையமைப்பாளர் வெபர் தன் ஹார்ன் இசைக்கோவையில் எழுதியே வைத்துவிட்டார். ஆண்டு 1815!

வலம்புரிச் சங்கு அபூர்வம்தான், விலையும் அப்படித்தான். ஆனால் ஒலி? அதே அளவும் அதே வடிவும் உள்ள இடம்புரியை ஊதினால் இம்மியும் வித்தியாசம் இருக்காது. கண்ணாடியில் திருப்பிப் பார்த்த குழாய், அவ்வளவே!

துர்கா பூஜையில் வங்காளம் முழங்குகிறதே சங்கு, அந்தப் பெண்கள் கையில் சங்கு வளையல் மின்னுகிறதே, தலைமுறை தலைமுறையாக அவற்றை அனுப்பிய கடல்களில் நம் மன்னார் வளைகுடாவும் ஒன்று!

தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரி கோயிலில் ஒரு நாகஸ்வரம் உண்டு. மரமில்லை. கல்!

பிரான்சின் மார்சூலா குகையில் 1931-ல் ஒரு சங்கு கிடைத்தது. குடிக்கும் பாத்திரம் என்று ஓரங்கட்டிவிட்டார்கள். எண்பது வருஷத்துக்கும் மேலாக அதே நினைப்பு! பிறகு ஒரு கலைஞரை ஊதச் சொன்னார்கள். 256, 265, 285 ஹெர்ட்ஸ் என்று மூன்று சுரம் முழங்கியது! 2021-ல் செய்தி வெளியானது. சங்கின் வயது சுமார் 18,000!

வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல்கள் எழுப்பும் ஒலிக்கும் சர்வதேச விதி உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கப்பல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் முழங்க வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்த கலத்துக்கு 250 முதல் 700. மார்சூலா சங்கின் மூன்று சுரமும் இந்த வரம்புக்குள்ளேதான்!