பழைய கதவுக்குத் தேக்கு வேஷம்



வீட்டு அறைக் கதவு நிறம் மங்கி, கை படும் இடமெல்லாம் கறுத்துப் போச்சா? உடனே கதவை மாற்றணும்னு நினைக்காதீங்க. மரம் உளுத்துப் போகாமல், கரையான் ஏறாமல் இருந்தால், பெயிண்டிலேயே தேக்குமர டிசைன் போட்டுப் புதுசாக்கிவிடலாம்.

முதலில் தாழ்ப்பாள், கைப்பிடியைக் கழற்றுங்கள். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் கதவைக் கழுவிக் காயவிடுங்கள். சமையலறைக் கதவென்றால் இரண்டு தடவை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட் நிற்காது.

அடுத்து தேய்ப்பது. இங்கேதான் ரொம்பக் கவனம் வேணும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயிண்ட் அடித்த கதவை உலர்வாகத் தேய்த்தால், தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றிலிருக்கும் சிசுவையும் பாதிக்கும்.

அதனால் தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் மட்டும் தேயுங்கள். முழுசாகச் சுரண்ட வேண்டாம், பளபளப்பு போனால் போதும். என்-95 மாஸ்க் போட்டுக்குங்க. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி எறிந்துவிடுங்கள்.

ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் பிரைமர் ஒரு கோட். பிறகு சந்தன நிறம் அல்லது இளம் பழுப்பு எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. 7 அடிக்கு 3 அடி கதவில் ஒரு பக்கம் 21 சதுர அடி. அதற்கு அரை லிட்டர் எனாமல் தாராளம்.

இனி டிசைன். தரை துடைக்கும் வைப்பரின் பழைய ரப்பரை ஒரு சாண் வெட்டி, ஓரத்தில் பிளேடால் சின்னதும் பெரிசுமாகப் பல் வெட்டுங்கள். எல்லாப் பல்லும் ஒரே அளவில் இருந்தால் மரம் மாதிரி தெரியாது, கோடு போட்ட நோட்டு மாதிரிதான் தெரியும்! கரும்பழுப்பு எனாமலில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் ரப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். நடுநடுவே கையை லேசாக ஆட்டினால் நெளிவு விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்கணும். சரியா வரலைன்னா டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். அடிநிறம் நன்றாகக் காய்ந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

சட்டமும் பலகையுமாக உள்ள கதவென்றால் பலகையை முதலில் முடியுங்கள், பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெட்டுச் சட்டம். குறுக்குச் சட்டத்தில் கோடும் குறுக்காகத்தான் ஓடணும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பார்த்த உடனே பெயிண்ட் என்று தெரிந்துவிடும்.

மறுநாள் வார்னிஷ் ஒரு கோட். டர்பன்டைன் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், பெயிண்ட் காயாது. வார்னிஷ் அடித்து மூணு நாள் கழித்துத் தாழ்ப்பாளை மாட்டுங்கள்.