கவாத்துக் கத்தரி பராமரிப்பு

கவாத்துக் கத்தரி என்பது செடிகொடிகளின் கிளைகளை நறுக்கப் பயன்படும் கைக்கருவி ஆகும். இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. தமிழ்நாட்டில் மல்லிகைச் செடிகள் நவம்பர் இறுதியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யப்படுகின்றன. மழுங்கிய அலகு தண்டை நசுக்கும். நசுங்கிய வெட்டு எளிதில் ஆறாது.

அலகில் ஒட்டிய பிசினைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்த வேண்டும். தீட்டுவதில்தான் பிழை மிகுதி. திருப்பூர் வட்டாரத்தில் பெரிதும் புழங்கும் துணிக் கத்தரியில் இரண்டு அலகுகளும் தீட்டப்படும். அலகுகள் ஒன்றையொன்று உராய்ந்து கடக்கும் கவாத்துக் கத்தரியிலோ, வெட்டும் அலகின் சரிந்த பக்கத்தை மட்டுமே, இருக்கும் சரிவு மாறாமல் தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தைச் சாணை பிடித்தால் அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து, தண்டு வெட்டுப்படாமல் மடங்கும். அப்பக்கத்தில் எழும் பிசிறை மட்டும் கல்லில் படிய வைத்து ஒருமுறை இழுத்து நீக்கலாம்.

பின்னர் திருகாணியில் ஓரிரு சொட்டு எண்ணெய் விடுவது வழக்கம். நோயுற்ற செடியை வெட்டியபின் அலகை 70% ஆல்ககாலால் துடைப்பது நன்று; பிளீச்சிங் தூள் கரைசல் எஃகை அரிக்கும்.