ஊர் நடுவே வாசித்த பதிவேடு

நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு மஸ்டர் ரோல் தெரியும். யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார் என்று குறிக்கும் பதிவேடு. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் ஒரு தொழிலாளி அதைப் பார்க்கக் கேட்டால், அரசு ரகசியம் என்று விரட்டுவார்கள். கைக்கு வருவது அரைகுறைக் கூலி, பதிவேட்டில் முழுத்தொகை.

இந்த முடிச்சைத்தான் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் பிடித்தது. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்ரியில் மண்வீட்டில் தங்கி, சுற்றியிருந்த விவசாயிகளோடும் கூலிக்காரர்களோடும் சேர்ந்து 1990 மே 1 அன்று தொடங்கிய அமைப்பு. வெளிநாட்டு நிதி வாங்குவதில்லை. முழுநேர ஊழியருக்கும் குறைந்தபட்சக் கூலி அளவுதான். ஊருக்குக் கணக்குக் கேட்கும் தகுதி அவர்களுக்கு இதிலிருந்துதான் வந்தது என்பேன்.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை நடந்தது. முறை எளியது. பதிவேட்டின் நகலை எப்படியாவது வாங்கி, ஊர் கூடியிருக்கும்போது பெயர் பெயராக உரக்க வாசிப்பது. அடுத்தடுத்த ஊர்களிலும் இப்படி வாசிக்க வாசிக்க, செத்துப்போனவர் கூலி வாங்கியிருப்பார். பிழைக்க வெளியூர் போனவர் மண் சுமந்திருப்பார். எழுத்தறியாத பெண்ணும் எழுந்து, அது என் கைநாட்டு இல்லை என்பார். அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவரும் அங்கேயே பதில் சொல்லலாம். சிலர் எடுத்த பணத்தைத் திருப்பியும் தந்தார்கள்.

நகல் கிடைப்பது அதிகாரியின் நல்ல மனசைப் பொறுத்திருக்கக் கூடாது என்று 1996 ஏப்ரலில் தொடங்கி பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். கிராமத்தார் தானியம் கொடுத்தார்கள், கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். அங்கே எழுந்த கோரிக்கை நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் விதிவிலக்குகள் மலிந்த சட்டம் அது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. கேட்ட தகவலை 30 நாளில் தர வேண்டும். தகவலோடு நிற்காமல், வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும் சிமென்ட், மணல் மாதிரி எடுக்கவும்கூட அதில் உரிமை உண்டு.

இப்போது அந்த உரிமையில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் எதையும் மறுக்க இடம் கொடுக்கிறது. மஸ்டர் ரோலில் இருப்பதெல்லாம் தனிநபர் பெயர்கள்தான். பெயரை மறைத்துத் தந்தால், அன்று கோட் கிரானாவில் வாசித்ததுபோல் இனி எந்த ஊரிலும் வாசிக்க முடியாது.